பெயரை மறப்பது மூளையின் குற்றமா?

நினைவாற்றல் நூல்கள் – ஒரு மதிப்பீடு

ஒரு திருமண வீட்டில் புதியவர் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறார்கள். கைகூப்புகிறீர்கள், ஊர், தொழில் எல்லாம் விசாரிக்கிறீர்கள். பந்தியில் பக்கத்து இலையில் அமர்ந்து சாப்பிடவும் செய்கிறீர்கள். கை கழுவிவிட்டுத் திரும்பும்போது அவர் பெயர் என்ன என்று யோசித்தால் நினைவுக்கு வருவதில்லை. அவர் நெல் வியாபாரி என்பதும், அவர் மகள் செவிலியர் படிப்புப் படிக்கிறாள் என்பதும் நன்றாக நினைவிருக்கின்றன. பெயர் மட்டும் போய்விட்டது. "எனக்கு ஞாபக சக்தியே கிடையாது" என்று நொந்து கொள்கிறீர்கள்.

இந்த நோவை நம்பி ஒரு பெரிய புத்தக வியாபாரமே நடந்து வருகிறது. "நினைவாற்றலைப் பெருக்குவது எப்படி?" என்ற வகையான நூல்களில் ஓர் அத்தியாயமாவது பெயர்களை நினைவில் வைப்பது பற்றி இருக்கும். இவற்றுக்கெல்லாம் மூலம் போன்றவை இரண்டு அமெரிக்க நூல்கள். ஒன்று, டேல் கார்னகி 1936-இல் எழுதிய, நண்பர்களைப் பெறுவதும் பிறரைக் கவர்வதும் பற்றிய நூல். மற்றொன்று, மாயவித்தைக் கலைஞர் ஹாரி லொரெய்னும் கூடைப்பந்து வீரர் ஜெரி லூகாசும் சேர்ந்து 1974-இல் வெளியிட்ட நினைவு நூல். உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்ற நூல்கள் இவை.

இவை சொல்லும் வழிகள் அறிவியல் சோதனையில் தேறுகின்றனவா? தேறினாலும், நம் ஊர்ப் பழக்கவழக்கங்களுக்குப் பொருந்துகின்றனவா? இவ்விரு கேள்விகளையும் வைத்து அவற்றை மதிப்பிட்டுப் பார்ப்போம்.

பெயர் மட்டும் ஏன் நழுவுகிறது?

முதலில் ஓர் ஆறுதல். பெயர் மறப்பது உங்களுக்கு மட்டும் உள்ள குறை அன்று. 1987-இல் இங்கிலாந்து உளவியலார் மக்வீனியும் அவருடைய தோழர்களும் ஒரு நேர்த்தியான சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத முகங்களின் படங்களைக் காட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஒரு தொழிலும் சொன்னார்கள். ஆங்கிலத்தில் 'பேக்கர்' என்பது ரொட்டி சுடுபவரையும் குறிக்கும். ஒரு குடும்பப் பெயராகவும் வழங்கும். ஆகவே ஒரே சொல்லைச் சிலருக்குத் தொழிலாகவும் சிலருக்குப் பெயராகவும் சொல்ல முடிந்தது. பிறகு கேட்டபோது, தொழிலாகச் சொன்ன சொல் எளிதில் நினைவுக்கு வந்தது. பெயராகச் சொன்ன அதே சொல் அவ்வளவு எளிதில் வரவில்லை!

நம் மொழியில் இதைப் பொருத்திப் பாருங்கள். "இவர் வைத்தியர்" என்று ஒருவரைக் காட்டினால், மருந்துப் பெட்டியும் நாடி பார்க்கும் கையும் கசப்புக் கஷாயமும் உங்கள் மனத்தில் உடனே எழுகின்றன. அந்த முகத்தைப் பற்றிக்கொள்ளப் பல கொக்கிகள் கிடைத்துவிடுகின்றன. "இவர் வைத்தி" என்றால் ஒன்றும் எழுவதில்லை. வைத்தி என்ற பெயருள்ளவர் பேருந்து நடத்துநராகவும் இருக்கலாம், கணக்கப்பிள்ளையாகவும் இருக்கலாம். பெயருக்குப் பொருள் இருக்கிறது. ஆனால் அந்தப் பொருள் அந்த மனிதரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அழகன் என்ற பெயருள்ளவரெல்லாம் அழகர்கள் அல்லர் அன்றோ!

மூளை ஆராய்ச்சியும் இதற்குத் துணை நிற்கிறது. மூளையின் இடப்புறப் பொட்டு மடலின் முனைப் பகுதியில் சேதமுற்றவர்களை 1996-இல் டமாசியோ குழுவினர் ஆராய்ந்தார்கள். புகழ்பெற்ற ஒருவரின் படத்தைக் காட்டினால் அவர் யார், என்ன செய்தார் என்றெல்லாம் இவர்கள் சொல்வார்கள். பெயரை மட்டும் சொல்ல முடியாது. ஒருவரைப் பற்றிய அறிவும் அவருடைய பெயரும் மூளையில் ஒரே வழியில் எடுக்கப்படுவதில்லை என்பது இதனால் புலனாகிறது. நல்ல உடல்நலம் உடையவர்களுக்கும் 'நாக்கு நுனியில் நிற்கிறது' என்ற தடுமாற்றம் ஆட்பெயர்களில்தான் அதிகம் வருகிறது. வயது ஏற ஏற அது மிகுகிறது.

மறந்ததா, கேட்கவே இல்லையா?

இங்கே இன்னொரு கேள்வி எழுகிறது. மறந்துவிட்டோம் என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் நம் நினைவுக்குள் நுழைந்ததா? நுழையாத ஒன்றை எப்படி மறக்க முடியும்?

1973-இல் மால்கம் பிரென்னர் என்ற உளவியலார் சிலரை வட்டமாக உட்கார வைத்தார். ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது ஒரு சொல்லை உரக்கப் படிக்க வேண்டும். பிறகு எல்லாருடைய சொற்களையும் நினைவுகூர வேண்டும். தம் முறைக்குச் சற்று முன் படிக்கப்பட்ட சொற்களே பெரும்பாலோருக்கு நினைவில் இல்லை. 'அடுத்து நான்' என்ற பரபரப்பில் காது இருந்தும் கேளாதவர்களாகி விட்டார்கள்.

கல்லூரியின் முதல் நாளை எண்ணிப் பாருங்கள். வரிசையாக எழுந்து பெயரும் ஊரும் சொல்லச் சொல்கிறோம். உங்களுக்கு முன் எழுந்தவரின் பெயர் என்ன? அநேகமாகத் தெரிந்திராது. அப்போது நீங்கள் உங்கள் பெயரைத் தெளிவாகச் சொல்லும் ஒத்திகையில் இருந்தீர்கள். ஒருவருக்கொருவர் அறிமுகம் ஆகும்போதும் இதே கதைதான். கைகூப்ப வேண்டும், சிரிக்க வேண்டும், நம் பெயரைச் சொல்ல வேண்டும். இத்தனையும் ஒரு நொடியில் கூடும்போது எதிரிலிருப்பவர் பெயர் இரைச்சலில் அமிழ்ந்த வானொலிக் குரலாகி விடுகிறது. இரைச்சலில் பதிவான ஒலியைப் பின்னால் எவ்வளவு பெருக்கினாலும் இரைச்சலும் சேர்ந்தே பெருகும் என்பது இயற்பியல் மாணவர்கள் அறிந்ததுதான்.

அதோடு, பழக்கமில்லாத ஒலியைக் காது தனக்குப் பழகிய ஒலியாக மாற்றிக் கொள்ளும். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போகும் வழியில் கூனிமேடு என்ற ஊர் உள்ளது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் கும்பினியார் இங்கே ஒரு வாணிகக் கிடங்கு வைத்திருந்தார்கள். அவர்களுடைய எழுத்துகளில் இந்த ஊரின் பெயர் 'கொனிமியர்' என்று வருகிறது. கூன், மேடு என்னும் சொற்கள் நமக்குப் பொருள் தருகின்றன. அவர்கள் காதுக்கு அவை வெறும் ஓசை. நமக்குப் பழக்கமில்லாத மொழிப் பெயரையோ வேறு மதத்தவர் பெயரையோ கேட்கும்போது நாமும் இதையேதான் செய்கிறோம்; தவறாகக் கேட்டதைத் தவறாகவே பதிய வைத்துக் கொள்கிறோம்.

மூக்கின் மேல் ஏழு மலைகள்

இனி நூல்களுக்கு வருவோம். லொரெய்ன் நூற்றுக்கணக்கான பார்வையாளர்களின் பெயர்களை மேடையிலிருந்தே ஒப்பித்துப் பேர் வாங்கியவர். அவர் கற்பிக்கும் முறை இது: பெயரின் ஓசையை ஒத்த, கண்ணால் காணக்கூடிய ஒரு பொருளை எண்ணிக்கொள்ள வேண்டும்; அவர் முகத்தில் எடுப்பாகத் தெரியும் ஓர் அடையாளத்தைத் தேட வேண்டும்; இரண்டையும் வேடிக்கையான ஒரு படமாக மனத்தில் இணைக்க வேண்டும்.

இது வெறும் ஏமாற்று அன்று. 1978-இல் மோரிசும் அவர் குழுவினரும் ஆய்வுக்கூடத்தில் இதே போன்ற முறையைச் சோதித்தபோது, பயிற்சி பெற்றவர்கள் பெயர்களை முன்னைவிட மிகுதியாக நினைவுகூர்ந்தார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் முகம் படமாக இருக்கிறது. அது உங்களிடம் பேசுவதில்லை, பதில் எதிர்பார்ப்பதில்லை. அதே மோரிஸ் வேறு சிலருடன் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. புதிதாகச் சேர்ந்த மாணவர்களை ஒரு விருந்தில் கலந்து பழக விட்டார்கள். ஒரு குழுவுக்குப் பட முறையைக் கற்பித்தார்கள். இன்னொரு குழுவினரிடம், கேட்ட பெயரைச் சிறிது நேரம் கழித்தும், பின் இன்னும் அதிக நேரம் கழித்தும் தாமே மனத்தில் வரவழைத்துப் பார்க்கச் சொன்னார்கள். மூன்றாம் குழுவுக்கு எந்த முறையும் சொல்லவில்லை. பின்னர்ச் சோதித்தபோது, பெயரை மனத்தில் வரவழைத்துப் பார்த்த குழுவே முன்னணியில் நின்றது. படமுறைக் குழு, ஒன்றும் கற்காத குழுவைவிட மேம்படவில்லை! பேச்சுக்கு நடுவே படம் வரைந்து கொண்டிருக்க மனத்துக்கு அவகாசம் இல்லை.

நம் ஊரில் இந்த முறைக்கு மேலும் இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஏழுமலை என்பவரைச் சந்திக்கிறீர்கள். படம் கிடைப்பது எளிது. அவர் மூக்கின் மேல் ஏழு மலைகளை அடுக்கிவிடலாம். ஆனால் அதே தெருவில் இன்னும் இரண்டு ஏழுமலைகள் இருப்பார்களே! மலைகளை எத்தனை மூக்குகளில் அடுக்குவது? லொரெய்ன் முறை, குடும்பப் பெயர்கள் பலவாக வேறுபட்டிருக்கும் ஒரு சமுதாயத்துக்காக எழுந்தது. தமிழ்நாட்டிலோ 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயரின் பின்னுள்ள சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. அந்த நல்ல மாற்றத்துக்குப் பின் பெரும்பாலோருக்கு எஞ்சியிருப்பது தந்தையின் தலையெழுத்தும் சொந்தப் பெயரும்தான். இங்கே பெயர் கடினமாக இருப்பதைவிட, ஒரே பெயர் பலருக்கு இருப்பதே பெரிய சிக்கல். மக்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: மேட்டுத்தெரு ஏழுமலை, லாரி ஏழுமலை, உப்பள ஏழுமலை என்று இடத்தையோ தொழிலையோ முன்னால் சேர்க்கிறார்கள். இங்கிலாந்துச் சோதனையில் தொழில் நினைவில் நின்றது, பெயர் நழுவியது அல்லவா? நிற்பதோடு நழுவுவதைக் கட்டிவிடுகிறார்கள்!

இரண்டாவது இடர்ப்பாடு நாகரிகத்தைப் பற்றியது. முகத்தில் எடுப்பான அடையாளத்தைத் தேடு என்றால் கண் முதலில் எங்கே போகும்? தழும்புக்கும், மாறுகண்ணுக்கும், எடுப்பான பல்லுக்கும்தான் போகும். உடற்குறையை வைத்து ஆட்களைக் குறிக்கும் கெட்ட வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. பெயர் மறந்து அடையாளம் மட்டும் மனத்தில் தங்கினால், இந்த முறை அந்த வழக்கத்துக்குத்தான் எண்ணெய் ஊற்றும். மாணவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க நான் விரும்பமாட்டேன்.

கார்னகி சொன்னதும் சொல்லாததும்

கார்னகியின் நூலில் பெயர் பற்றிய பகுதி இதைவிடப் பயனுள்ளது. பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன் கையாண்டதாக அவர் ஒரு முறையை எடுத்துச் சொல்கிறார். பெயர் தெளிவாகக் கேட்கவில்லை என்றால் மன்னர் மறுபடியும் கேட்பாராம். அரிய பெயரானால் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்வாராம். பேச்சினிடையே அந்தப் பெயரைப் பலமுறை சொல்வாராம். தனியே இருக்கும்போது தாளில் எழுதி, உற்றுப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போடுவாராம். மன்னர் உண்மையில் இப்படிச் செய்தாரோ இல்லையோ, முறை சரியானது. பெயர் உள்ளே நுழைகிறது. பிறகு இடைவிட்டு மறுபடி எடுக்கப்படுகிறது. 1978-இல் லாண்டாவர், பியோர்க் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், பெயரை மனத்தில் வரவழைக்கும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டே போனால் அது நன்கு பதிகிறது என்று காட்டினார்கள். இடைவெளி கூடிக்கொண்டே போக வேண்டுமா, ஒரே சீராக இருக்கலாமா என்பது பற்றிப் பின்னர் வாதங்கள் எழுந்தன. ஆனால் ஒரே மூச்சில் பத்து முறை உருப்போடுவதைவிட, இடைவிட்டு வரவழைப்பது மேல் என்பதில் ஐயமில்லை.

மரக்காணம் உப்பளங்களில் கடல்நீரைப் பாத்திக்கு விட்டவுடன் உப்பு விளைந்துவிடுவதில்லை. வெயிலிலும் காற்றிலும் நீர் வற்றி, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே சோற்றுப்பு படியத் தொடங்குகிறது. நினைவும் அப்படித்தான், அதற்குக் காலமும் இடைவெளியும் தேவைப்படுகின்றன.

ஆயினும் கார்னகியின் அறிவுரை நம் ஊரில் ஓரிடத்தில் முட்டுகிறது. பேச்சினிடையே பெயரைப் பலமுறை சொல் என்கிறார். அமெரிக்காவில் இது சரி. அறுபது வயதுள்ள ஒருவரிடம் இருபது வயது மாணவன், "ஏழுமலை, சௌக்கியமா? ஏழுமலை, எப்போது வந்தீர்கள்?" என்று கேட்டால் என்ன ஆகும்? நம் வழக்கில் மூத்தவர் பெயரை முகத்துக்கெதிரே சொல்வது மரியாதைக் குறைவு. அண்ணே, அக்கா, ஐயா, பாய், சார் என்றே அழைக்கிறோம். இது நல்ல வழக்கந்தான். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. முறைப்பெயர் கையில் இருப்பதால் சொந்தப் பெயரை எடுத்துப் பழகும் வாய்ப்பே கிடைப்பதில்லை. பத்தாண்டுகளாக ஒரே கடையில் தேநீர் குடித்திருப்போம்; கடைக்காரர் நமக்கு 'அண்ணே'யாகவே இருப்பார், அவர் பெயர் நமக்குத் தெரிந்திராது.

இதற்குத் தீர்வும் நம் வழக்கிலேயே இருக்கிறது. பெயரையும் முறையையும் சேர்த்துச் சொல்லலாம்: ஏழுமலை அண்ணே, அஞ்சலை அக்கா, காதர் பாய். மரியாதையும் குறையாது, பெயரும் ஒவ்வொரு முறையும் நினைவிலிருந்து எடுக்கப்படும். பெயரே சொல்லக்கூடாத இடங்களில் மனத்துக்குள் சொல்லிப் பார்க்கலாம். பேருந்தில் திரும்பி வரும்போது, "இன்று யார் யாரைச் சந்தித்தேன்?" என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்பதற்குப் பணச் செலவு ஏதுமில்லை.

அவதானிகள் பிறவி மேதைகளா?

நினைவாற்றல் பற்றிப் பேசினால் அவதானக் கலையை யாராவது நினைவூட்டுவார்கள். நாகர்கோயிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் நிகழ்த்தி, நூறு செயல்களில் ஒருசேரக் கவனம் செலுத்திக் காட்டினார். அது தமிழர் பெருமைப்பட வேண்டிய நிகழ்ச்சி. ஆனால், "அவருக்கு அப்படி மூளை, எனக்கு எங்கே?" என்று முடிவு கட்டுவது தவறு. பாவலருக்குப் பின்னால் யாப்பிலும் இலக்கியத்திலும் ஆண்டுக்கணக்கான பயிற்சி இருந்தது.

இந்தியரான இராசன் மகாதேவன் 1981-இல் 'பை' என்ற எண்ணின் 31,811 இலக்கங்களை மங்களூரில் ஒப்பித்தார். பிறகு உளவியலார் அவரைச் சோதித்தபோது, பொருள்களின் படங்கள் எந்த இடத்தில் எப்படி இருந்தன என்பதை நினைவுகூர்வதில் அவர் சாதாரணமானவராகவே இருந்தார் என்று 1992-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இலண்டனில் மகுவயர் குழுவினர் 2003-இல் நினைவுப் போட்டிகளில் வெல்பவர்களின் மூளைகளைப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். அமைப்பில் தனி வேறுபாடு எதையும் காணவில்லை. அறிவுத்திறன் அளவிலும் அவர்கள் பிறரை மிஞ்சவில்லை. பயிற்சி செய்த துறையில் நினைவு கூர்மையடைகிறது என்பதே இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம். ஆகவே திருக்குறள் முழுவதும் ஒப்பிக்கும் மாணவி தன் வகுப்புத் தோழிகளின் பெயர்களை மறந்தால் வியப்படைய வேண்டியதில்லை.

யாருடைய பெயர் நினைவிருக்கிறது?

இந்நூல்கள் தொடாத ஒரு செய்தி உண்டு. அதைச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முழுமை பெறாது.

கார்னகி தம் நூலில் ஜிம் ஃபார்லி என்ற அரசியல்வாதியைப் புகழ்கிறார். ஐம்பதாயிரம் பேரை முதற்பெயர் சொல்லி அழைக்க வல்லவராம். அந்த எண்ணிக்கையை யாரும் சோதித்துப் பார்த்ததாக நூலில் இல்லை. அது கிடக்கட்டும். பெயரை நினைவில் வைப்பதன் நோக்கமாக அங்கே தெரிவது என்ன? வாக்குச் சேகரிப்பதும், சரக்கு விற்பதும், காரியம் சாதிப்பதும்தான். பெயர் ஒரு தூண்டில் முள்ளாகிவிடுகிறது. நோக்கம் அதுவானால், காரியம் ஆக வேண்டியவர்களின் பெயர்களே நினைவில் நிற்கும், மற்றவை நிற்கமாட்டா.

நம்மை நாமே சோதித்துப் பார்க்கலாம். புதிதாக வந்த வட்டாட்சியரின் பெயர் ஒரே நாளில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. தலைச்சுமையாக உப்பு சுமந்து குவிக்கும் பெண்ணின் பெயர்? அவர் எல்லாருக்கும் 'ஏம்மா'தான். கல்லூரியிலும் இதே நிலைதான். முதல் மதிப்பெண் பெறும் மாணவனையும் அடிக்கடி தொல்லை தருபவனையும் பெயர் சொல்லி அழைக்கிறோம். நடுவிலுள்ள நாற்பது பேர் வருகைப் பதிவேட்டின் எண்களாகவே மூன்றாண்டுகளைக் கழித்துவிட்டுப் போகிறார்கள். இவர்கள் பெயர் மட்டும் நிற்காததற்கு மூளையைக் குறை சொல்ல முடியுமா? அதே மூளைதானே வட்டாட்சியர் பெயரை நினைவில் வைத்தது! கவனம் எங்கே போகிறதோ அங்கே நினைவு போகிறது. கவனத்தை எங்கே செலுத்துவது என்பதைத் தீர்மானிப்பவர்கள் நாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. கூனிமேடு போன்ற ஊர்களில் புதியவரைக் கண்டால், "எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பது வழக்கம். பெயரை ஊரோடும் உறவோடும் பிணைப்பதால் நினைவுக்கு இது மிகவும் ஏற்ற கேள்வி. ஆனால் இதே கேள்வி சில வாய்களில் சாதியைத் துழாவும் கேள்வியாகவும் மாறுகிறது என்பதை நாம் அறிவோம். கேட்கப்படுபவர் கூசும் கேள்வி எதற்கு? என்ன படிக்கிறார், என்ன வேலை தெரியும், எந்த விளையாட்டில் விருப்பம் என்று கேட்டாலும் நினைவுக்குத் தேவையான கொக்கிகள் கிடைக்கும்.

முடிவாக

கார்னகியின் நூலிலிருந்து கேட்பது, மறுபடி கேட்பது, எழுதிப் பார்ப்பது ஆகியவற்றை எடுத்துக் கொள்ளலாம். காரியம் சாதிக்கும் நோக்கத்தை விட்டுவிடலாம். லொரெய்னின் படமுறை, தனியே அமர்ந்து ஒரு பெயர்ப் பட்டியலை மனனம் செய்பவர்களுக்கு உதவும். நேரில் பேசும்போது அதை நம்ப வேண்டியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே. அறிமுகம் ஆகும் நொடியில் உங்கள் பெயரைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு எதிரிலிருப்பவர் பெயரைக் கேளுங்கள். தெளிவாக விழவில்லை என்றால் உடனே மறுபடி கேளுங்கள்; அரை மணி கழித்துக் கேட்பதைவிட அது எளிது. அவரைப் பற்றிய ஒரு செய்தியோடு பெயரைச் சேர்த்துக் கொள்ளுங்கள். முறைப்பெயரோடு இணைத்து ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். சற்று நேரம் கழித்தும், அன்று இரவும், மறுநாளும் மனத்தில் வரவழைத்துப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் மறந்துபோனால் வெட்கப்படாமல், "மன்னிக்க வேண்டும், உங்கள் பெயரை மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ள ஒருவர் இரண்டாம் முறை கேட்பதை யாரும் அவமதிப்பாக எண்ணமாட்டார்கள். நாளை நீங்கள் சந்திக்கப்போகும் பேருந்து நடத்துநரிடமோ, உணவு விடுதியில் மேசை துடைக்கும் தம்பியிடமோ இதைத் தொடங்கிப் பாருங்கள்.